கிரஷர் தூசு, குவாரி வெடி: பக்கத்துக் காட்டுக்காரர்கள் எதைப் பிடித்துப் பேசுவது?

முருங்கைக்காடு எழுதியது:

கரூர் மாவட்டம் க.பரமத்தி பக்கம் எங்களுக்கு ஏழு ஏக்கர் காடு. எங்கள் பேச்சில் காடு என்றால் சொந்த நிலம். பாதி முருங்கை, மீதி கொறங்காடு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கொறங்காடு என்பது சும்மா கிடக்கிற தரிசு இல்லை. சுற்றிலும் முள்கிளுவை வேலி போட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரவிட்டு, ஆடு மாடு மேய்ப்பதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் பூமி. மழை குறைந்த எங்கள் ஊரில் முருங்கை ஏமாற்றினாலும் ஆட்டை விற்றுப் பிள்ளைகளுக்குப் பீஸ் கட்டிவிடலாம்.

எங்கள் சாளைக்கு (காட்டுக்குள்ளேயே இருக்கிற வீடு) மேற்கே முன்பு ஒரு சின்னக் கல்லுக்குழி இருந்தது. சம்மட்டி அடித்துச் சக்கைக்கல் எடுப்பார்கள். எப்போதாவது வெடி கேட்கும். இப்போது அதே இடம் பெரிய குவாரி. ஒட்டினாற்போல் கல்லை உடைத்து ஜல்லியாக்குகிற கிரஷர், அதற்கடுத்துக் கல்லை மணலாக அரைக்கிற எம்-சாண்ட் பிளான்ட். ஆடி மாதக் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். மேற்கேயிருந்து வருகிற காற்று அங்கே இருக்கிற தூசையெல்லாம் எங்கள் காட்டில் கொண்டுவந்து கொட்டுகிறது.

முருங்கைப் பூவை விரலால் தொட்டால் சாம்பல் நிறத்தில் ஒட்டுகிறது. பிஞ்சு நிற்பதில்லை. கீரை வாங்க வருகிற வியாபாரி கொத்தைக் கையில் எடுத்து ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டு, எங்கள் காடு வேண்டாம் என்று பக்கத்து ஊருக்குப் போய்விட்டார். ஆடுகள் புல்லை மோந்து பார்த்துவிட்டு வேலியோரம் போய் நிற்கின்றன. ஆட்டுக்குப் பல் சீக்கிரம் தேய்ந்துபோகிறது என்று மாமனார் சொல்கிறார், வாயைத் திறந்தும் காட்டினார். கட்டுத்தரையில் இருக்கும் தண்ணித் தொட்டியில் காலையில் பார்த்தால் மேலே ஒரு படலம். கையால் தள்ளிவிட்டுத்தான் மாட்டுக்குக் காட்ட வேண்டும்.

மதியம் வெடி போடும்போது ஓடு அதிர்கிறது. சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஒரு விரிசல். மனு கொடுத்தோம். ஒரு நாள் அதிர்வு அளக்கிற பெட்டியோடு வந்து அளந்தார்கள். "அளவுக்குள்தான் இருக்கும்மா" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். குவாரி ஆட்கள் இதற்கிடையில் தரகர் மூலமாகக் காட்டை விலைக்குக் கேட்கிறார்கள். கேட்கிற விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் கேட்பது இதுதான். அளவுக்குள் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகு வேறு எதைப் பிடித்துப் பேசுவது? வெறும் ஆறுதல் வேண்டாம், தயவுசெய்து. அது ஊரில் நிறையக் கிடைக்கிறது.

—

பத்துச்சக்கரம் எழுதியது:

டிப்பர் வைத்திருக்கிறேன், அதனால் என்னைத் திட்டப் போகிறீர்கள், பரவாயில்லை. ஆற்று மணல் அள்ளாதே என்றீர்கள், சரி என்று எம்-சாண்டுக்கு வந்தோம். இப்போது கல்லும் உடைக்காதே என்கிறீர்கள். 2025 ஏப்ரலில் கிரஷர்காரர்கள் ஸ்டிரைக் செய்தபோது என்ன ஆனது? கட்டட வேலை நின்றது, கொத்தனாரும் சித்தாளும் வீட்டில் உட்கார்ந்தார்கள். அக்கா, உங்கள் வீட்டுத் தளத்தில் இருக்கிற முக்கால் இஞ்ச் ஜல்லி எந்தக் குழியிலிருந்து வந்தது?

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ரோட்டில் பறக்கிற தூசு பாதி எங்களால்தான். தார்ப்பாய் போட வேண்டும் என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். ஆனால் லோடு ஏற்றுகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டிப் பாய் கட்ட ஐந்து நிமிஷம் நிற்கவிட மாட்டார்கள், பின்னால் வரிசை நிற்கும். நடைச்சீட்டில் (லோடு கொண்டுபோகிற பர்மிட்டில்) போட்ட அளவுக்கு மேல் ஏற்றினால்தான் டீசலுக்குக் கட்டும் என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். வளைவில் சிந்துகிற ஜல்லி அந்த மேல் பாரம்தான்.

—

பழைய மேட் எழுதியது:

அம்மிணி, நான் குவாரியில் மைன்ஸ் மேட்டாக, அதாவது வேலையை மேற்பார்க்கிறவனாக இருந்தவன். அதற்கு முன்னால் கம்ப்ரஸரில் வெடிக்குழி அடித்தேன், அப்புறம் பிளாஸ்டர் சர்டிபிகேட் எடுத்து வெடி போட்டேன். பாதி ஆயுள் கல்லுக்குழியிலேயே போயிற்று. இப்போது வீட்டோடு இருக்கிறேன். எந்த முதலாளியின் சம்பளமும் எனக்குத் தேவையில்லை என்பதால் உள்ளதை எழுதுகிறேன்.

முதலில் வெடிப் பேச்சை விடுங்கள். எல்லோரும் அதைத்தான் பிடிக்கிறார்கள், ஏனென்றால் அது காதில் விழுகிறது. அதிர்வு எதைப் பொறுத்தது தெரியுமா? ஒரே கணத்தில் எத்தனை கிலோ மருந்து வெடிக்கிறது, உங்கள் வீடு எவ்வளவு தூரம், இவை இரண்டும்தான் முக்கியம். குழிக்குக் குழி சில மில்லி செகண்ட் இடைவெளி விட்டு வெடிக்க வைத்தால் மொத்த மருந்து அதே இருந்தும் ஆட்டம் குறையும். பெட்டியோடு ஆள் வருகிறார் என்றால் அன்றைக்குக் குழியும் குறையும், மருந்தும் குறையும். தொழிலில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கைப்படி உங்களைப் போன்ற வெளியார் வீட்டுக்கு அதிர்வு, அதன் அதிர்வெண்ணைப் பொறுத்து, நொடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை போகலாம். உங்கள் வீட்டில் ஓடு அதிர்ந்த அன்றைக்கு அளந்தால் என்ன வந்திருக்குமோ, அளந்த அன்றைக்கு அளவுக்குள்தான் வந்திருக்கும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீங்கள் சண்டை போட முடியாது. கல் பறந்து வந்து காட்டில் விழுந்தால் மட்டும் விடாதீர்கள். விழுந்த இடத்தில் வைத்தே போட்டோ எடுத்து, தேதி நேரம் எழுதி, அன்றைக்கே போலீஸில் மனு.

ஒரு நாள் மறைத்து வைக்க முடியாத விஷயங்களைப் பிடியுங்கள். குழியின் ஆழத்தை யாராலும் மறைக்க முடியாது. வேலி எங்கே போகிறது, பாறையில் பெஞ்ச் (படி) விட்டிருக்கிறார்களா இல்லையா, இதெல்லாம் எந்த நாளில் வந்து பார்த்தாலும் அப்படியே இருக்கும்.

ஒவ்வொரு குவாரிக்கும் சுரங்கத் திட்டம் என்று ஒன்று உண்டு. எத்தனை மீட்டர் ஆழம், எந்தச் சர்வே எண், வருஷத்துக்கு எத்தனை கனமீட்டர் என்று அதில் இருக்கும். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் தீர்ப்புச் சொன்ன பிறகு 5 ஹெக்டேருக்குக் குறைவான சின்னக் குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. அந்த அனுமதிக் கடிதம் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் கிடக்கிறது. பையனை விட்டுத் தேடச் சொல்லுங்கள், கிராமத்தின் பேரும் சர்வே எண்ணும் போதும். அதில் இருக்கிற நிபந்தனைகளை உட்கார்ந்து படியுங்கள். பட்டா நிலத்து எல்லையிலிருந்து ஏழரை மீட்டர் தோண்டாமல் விட வேண்டும் என்பார்கள். மரம் நட வேண்டும் என்பார்கள். ஜூன் 1, டிசம்பர் 1 என்று வருஷத்துக்கு இரண்டு முறை நிபந்தனையை எப்படி நிறைவேற்றினோம் என்று அவர்கள் அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு வேலியோரம் நடந்து பாருங்கள். அறிக்கையில் நிற்கிற மரம் நிலத்தில் நிற்கிறதா என்று எண்ணினாலே பாதி வேலை முடிந்தது.

பெஞ்ச் என்றால் படி. கடினப் பாறையில் ஒரு படி 6 மீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது, அகலம் அந்த உயரத்துக்குக் குறையக்கூடாது என்பது 1961 சுரங்க விதி. படி விட்டால் கல் வீணாகிறது என்று நேர்குத்தாக இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2022 மே மாதம் நெல்லை அடைமிதிப்பான்குளத்தில் ஆழமான குழிக்குள் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் மேல் பாறை சரிந்ததே, நான்கு பேர் போனார்கள். அந்தச் செய்தியை டிவியில் பார்த்த ராத்திரி நான் சாப்பிடவில்லை. குழிக்குள் இருப்பவனுக்கு அந்தப் படிதான் உயிர். வெளியே இருக்கிற உங்களுக்கு, குழி உங்கள் வேலி வரைக்கும் வராமல் தடுப்பதும் அதுதான்.

இனி தூசு. குவாரியும் கிரஷரும் ஒரே முதலாளியாக இருந்தாலும் கேட்கிற இடம் வேறு. கிரஷருக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை (இயங்குவதற்கான ஒப்புதல்) தனி. மனுவில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால் இந்த ஆபீஸ் அந்த ஆபீஸைக் காட்டும், அது இதைக் காட்டும். தனித்தனி மனு கொடுங்கள்.

கிரஷரில் தூசு கிளம்புகிற இடங்கள் எங்களுக்கு மனப்பாடம். கல்லைத் தாடைபோல் கடித்து உடைக்கிற ஜா கிரஷரின் வாய், சல்லடை, பெல்ட் முடிகிற இடத்தில் ஜல்லி கொட்டுகிற முனை. கல்லை விட டஸ்ட் குவியல் மோசம், காற்றடித்தால் அது தானாகவே கிளம்பும். சட்டப்படி தூசை அடக்கவும் அமுக்கவும் ஏற்பாடு, காற்றுத் தடுப்புச் சுவர், உள்ளே கெட்டியான ரோடு, தரையைக் கூட்டித் தண்ணீர் தெளிப்பது, சுற்றிலும் மரம், இத்தனையும் இருக்க வேண்டும். அதோடு, 40 மீட்டர் தூரத்தில் அந்தக் கிரஷரால் சேர்கிற மிதக்கும் தூசு கனமீட்டருக்கு 600 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். 600 என்பது ரொம்பத் தாராளமான கணக்கு என்பது என் அபிப்பிராயம். அதனால் அந்த எண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் சொன்ன ஐந்து ஏற்பாடுகளையும் பிடியுங்கள். சுவர் இருக்கிறதா இல்லையா என்பதற்குக் கருவி வேண்டாம், கண் போதும்.

தண்ணீர் தெளிப்பான் எல்லாக் கிரஷரிலும் மாட்டியிருக்கும். ஓடுமா என்பதுதான் கேள்வி. தண்ணீர் டேங்கரில் விலைக்கு வாங்கணும். ஈரம் கூடினால் பொடி சல்லடைக் கண்ணில் அப்பிக்கொள்ளும், மிஷினை நிறுத்திக் கம்பியால் தட்டி எடுக்கணும், அந்த நேரத்துக்கு அரவை போச்சு. அதனால் ஆபரேட்டர் வால்வை மூடிவிடுவார், ராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம். ராத்திரி ஓடுகிற நாளில் இரண்டு வெள்ளைத் தட்டை மொட்டை மாடியில் வையுங்கள். ஒன்று மேற்கு ஓரம், இன்னொன்று ஏதாவது மறைப்புக்குப் பின்னால். காலையில் போட்டோ. இது நீதிமன்றத்தில் ஆதாரமாகாது, ஆனால் மேசைக்குப் பின்னால் இருக்கிற ஆளை எழுந்திருக்க வைக்கும்.

இன்னொன்று, இது உங்களுக்காக இல்லை, அங்கே வேலை செய்கிற வடக்கத்திப் பையன்களுக்காக. கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைத் தூசு மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத பொடிதான் நெஞ்சுக்குள் இறங்கும். நம் கல்லில் குவார்ட்ஸ் கணிசமாக இருக்கிறது. அதன் பொடி நுரையீரலில் தழும்பு போட்டால் திரும்பச் சரியாகாது. எனக்கு இருமல் வந்தபோது டி.பி. என்று சொல்லி மாத்திரைதான் கொடுத்தார்கள். சிலிக்கோசிஸும் (அந்தத் தழும்பு நோய்) டி.பி.யும் எக்ஸ்ரேயில் ஏமாற்றும், இரண்டும் சேர்ந்தும் வரும். கல் வேலை பார்த்தேன் என்று டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர்கள் கேட்பதில்லை. கைக்குட்டை கட்டுவது மனத்திருப்திக்குத்தான்.

டிப்பர் தம்பிக்கு: நீ சொல்வது சரி, கல் வேண்டும். யாரும் கல்லே வேண்டாம் என்று சொல்லவில்லை. சல்லடைக்கு மூடி போடுகிற செலவு ஜல்லி விலையில் யூனிட்டுக்கு எவ்வளவு ஏறும் என்று உன் முதலாளியைக் கேட்டுப் பார். அந்தப் பணத்தைத்தான் இப்போது இந்த அம்மிணியின் முருங்கை கட்டிக்கொண்டிருக்கிறது.

—

தளக்கம்பி எழுதியது:

கோவையில் சைட் இன்ஜினியர். மேட் அண்ணன் சொன்னதில் மாற்ற ஒன்றுமில்லை, கட்டுகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். கான்கிரீட்டில் போடுகிற ஜல்லி, மணலுக்கான ஐஎஸ் 383 தர விதியை 2016-ல் திருத்தினார்கள். இடித்த கான்கிரீட்டை அரைத்து எடுக்கிற ஜல்லியை, கம்பி கட்டாத சாதாக் கான்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் கலக்கலாம். சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைக்கிற நிலையம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரரிடம் "பழைய கான்கிரீட்டை அரைத்த ஜல்லி" என்று சொன்னால் என்னைச் சைட்டிலிருந்தே அனுப்பிவிடுவார். இத்தனைக்கும் அந்த இடிபாட்டைத்தான் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிக்கரையில் கொட்டுகிறார்கள். ரோடு போடுகிறவர்கள் அடி லேயருக்கு இதைக் கேட்டு வாங்க ஆரம்பித்தால் ஓரளவு மாறும் என்று நினைக்கிறேன்.

—

முருங்கைக்காடு எழுதியது:

மேட் அண்ணா, ரொம்ப நன்றி. பையன் ராத்திரியே தேடி அனுமதிக் கடிதத்தை எடுத்துவிட்டான். அதில் 300 மீட்டருக்குள் குடியிருப்பு இல்லை என்று போட்டிருக்கிறது! எங்கள் சாளை, கொழுந்தனார் சாளை, பக்கத்தில் இன்னும் இரண்டு குடும்பம், எல்லாம் அதற்குள்தான் வருகிறோம். நாங்கள் மனுஷர்கள் இல்லையா?

இன்னொன்று கிணறு. குவாரி கீழே இறங்க இறங்க எங்கள் கிணற்றில் ஊத்துக்கண் நின்றுவிட்டது. அவர்கள் குழியில் மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே விடுகிறார்கள், அது பள்ளத்தில் ஓடுகிறது. மழை குறைவு, அதனால்தான் என்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?

பத்துச்சக்கரம் தம்பி, எங்கள் வீட்டுத் தளத்து ஜல்லி அந்தப் பழைய குழியிலிருந்து வந்ததுதான். அதனால் என் ஆட்டுக்கு அந்தப் புல் பிடித்துவிடுமா?

—

பழைய மேட் எழுதியது:

அம்மிணி, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1959 சிறுகனிம விதியில் 36-வது விதியைப் பாருங்கள். குடியிருப்பு என்றால் வருவாய்ப் பதிவேட்டில் நத்தம், வீட்டுமனை என்று இருப்பது, அல்லது உள்ளாட்சியோ நகரமைப்போ ஒப்புதல் கொடுத்த மனை. நம் கொங்கு நாட்டில் பாதிப் பேர் ஊருக்குள் இல்லை, அவரவர் காட்டில் சாளை போட்டு இருக்கிறோம். பதிவேட்டில் அது புன்செய். அதாவது காகிதத்தில் நீங்கள் குடியிருப்பது முருங்கைக்கு நடுவே. எழுதிய அதிகாரி பொய் எழுதவில்லை, விதி அவரை அப்படி எழுதவிடுகிறது. ஆகவே 300 மீட்டரை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். வீட்டு வரி ரசீது, கரண்ட் இணைப்பு, ரேஷன் அட்டை, ஊராட்சியில் வாங்கிய கட்டட அனுமதி இருந்தால் அது, நான்கு வீட்டுக்கும் எடுத்து ஒரே கட்டாக வையுங்கள். ஒப்புதல் பெற்ற வீடு ஒன்று இருந்தாலும் பேச்சே வேறு. கிரஷருக்கு மாசு வாரியம் வைத்திருக்கிற தூர விதி தனி, இசைவாணையில் அதையும் பாருங்கள்.

கிணற்றுக்கு வருவோம். நம் ஊர்ப் பாறைக்குள் தண்ணீர் மணலில் நிற்பதுபோல் நிற்காது. மேலே உளுத்த பாறை கொஞ்சம், கீழே வெடிப்பு. வெடிப்போடு வெடிப்புச் சேர்ந்த இடம்தான் உங்கள் ஊத்துக்கண். அந்த வெடிப்பு குவாரிச் சுவரில் போய்த் திறந்தால், உங்கள் கிணற்று மட்டத்துக்குக் கீழே அவர்கள் இறங்கினதும் தண்ணீர் அந்தப் பக்கம் கசியும். குவாரிச் சுவரில் உங்கள் பக்கம் பார்த்த முகத்தில் ஈரக்கோடு தெரிகிறதா என்று மதிய வெயிலில் தூரத்திலிருந்து பாருங்கள். மற்ற முகம் காய்ந்து கிடக்க அது மட்டும் கறுப்பாக நின்றால் போட்டோ எடுங்கள்.

மழைதான் காரணம் என்பதற்குப் பதில் சொல்ல ஒரு கிணறு போதாது. குவாரிக்குப் பக்கத்தில் ஒன்று, நடுத்தூரத்தில் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒன்று. மூன்றிலும் மாதம் ஒரு தேதி வைத்து, மோட்டார் ஓடாத காலையில், கயிறு விட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். மழையால் என்றால் மூன்றும் சேர்ந்து இறங்கும். பக்கத்துக் கிணறு மட்டும் இறங்கினால் சங்கதி வேறு. அனுமதி நிபந்தனையில் சுற்றுக் கிணறுகளை அவர்களே அளக்க வேண்டும் என்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அந்தக் கணக்கையும் கேளுங்கள்.

நாளைக்கு மூடினாலும் குழி அப்படியேதான் நிற்கும். 2017 வறட்சியில் சென்னைக்குச் சிக்கராயபுரத்துக் கல்குழித் தண்ணீரைச் சுத்தம் செய்து குடிக்கக் கொடுத்தார்கள், அந்த மட்டில் நல்லதுதான். திருப்பூர்ப் பக்கம் பாறைக்குழியில் குப்பையைக் கொட்டுகிறார்கள், அந்தத் தண்ணீர் அதே வெடிப்பு வழியாக எந்தக் கிணற்றுக்குப் போகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூடும் திட்டத்தில் வேலியும் குழியின் உபயோகமும் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

ஒன்று அவசரம். உங்கள் பக்கம் ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கிற குவாரிகளைக் கூட்டினால் 5 ஹெக்டேரைத் தாண்டுமா? தாண்டினால் புது அனுமதிக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டாக வேண்டும். முப்பது நாள் முன்னால் பேப்பரில் அறிவிப்பு வரும், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் வைக்க வேண்டும். கூட்டத்தில் பத்து பேர் சேர்ந்து கத்துவதை விட, நான்கு சாளைக்கான காகிதக் கட்டையும் கிணற்று நோட்டையும் எழுத்தாகக் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்று பாருங்கள். கொடுத்த அனுமதியை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் 30 நாள், காரணம் சொன்னால் இன்னும் 60 நாள் வரை. அதைத் தாண்டினால் அப்பீல் கிடையாது.

தனியாகப் போகாதீர்கள். 2025 ஜனவரியில் திருமயம் பக்கம் மண், கல் எடுப்பதை எதிர்த்து மனு கொடுத்தவரை லாரி ஏற்றிக் கொன்றார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. மனுவில் நான்கு வீட்டாரும் கையெழுத்துப் போடுங்கள், ஒரு பேர் மட்டும் தனியாக நிற்கக்கூடாது.

—

முருங்கைக்காடு எழுதியது:

கொழுந்தனார் சாளைக்கு ஊராட்சி கட்டட அனுமதி இருக்கிறது அண்ணா, அவர் பேங்க் லோனுக்காக வாங்கினார். தூரம் அளக்க எஃப்எம்பி (நில அளவை வரைபடம்) வேண்டுமா? தாலுகா ஆபீஸ் போனால் நாளை வா என்பார்கள்.

—

பழைய மேட் எழுதியது:

போக வேண்டாம், அரசு இ-சேவைத் தளத்தில் சர்வே எண் போட்டால் எஃப்எம்பி இறங்கும். உங்கள் எண், கொழுந்தனார் எண், குவாரி எண், நடுவில் வருகிற எண்கள் எல்லாம் எடுங்கள். குவாரி எல்லைக் கல்லிலிருந்து அவர் வீட்டுச் சுவர் வரை அளக்கணும், குழியின் விளிம்பிலிருந்து இல்லை. அந்தக் கட்டட அனுமதியின் தேதி குவாரிக் குத்தகைக்கு முன்னாலா பின்னாலா என்று பார்த்துச் சொல்லுங்கள்.